நாலு டிகிரி வித்தியாசம்: ஓசூர்க் குளிரில் ரோகுக் குஞ்சு வளர்த்த கதை

ஜனவரி 9-ஆம் தேதி, பிற்பகல் மூன்று மணி. இரண்டு தொட்டிகளிலும் ஐம்பது ஐம்பது குஞ்சாக வலையில் அள்ளி எடை போட்டேன். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடாக்குப் போட்ட தொட்டியின் ஐம்பது குஞ்சும் சேர்ந்து 230 கிராம். திறந்து கிடந்த தொட்டியின் ஐம்பது, வெறும் 75 கிராம். எல்லாம் ஒரே பையில் வந்து ஒரே நாளில் பிரித்து விட்ட ரோகுக் கெண்டை மீன் குஞ்சுகள். தீவனமும் ஒரே மூட்டை, தண்ணீரும் ஒரே போர்வெல். அறுபது நாளும் இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் நாலைந்து டிகிரி சூடு. அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க எனக்கு இரண்டு பனிக்காலம் பிடித்தது. முதல் பனிக்காலத்தில் செய்ததெல்லாம் தப்பு. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 13, 14 டிகிரிக்கு இறங்கும். பக்கத்துத் தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்வது சும்மா இல்லை. ரோஜாவும் முட்டைக்கோஸும் கொழிக்கிற ஊர். கெண்டை மீனுக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று நான் யோசிக்கவே இல்லை. மழைக்குப் பிறகு ஏரிகள் நிறைந்திருக்கும், ஜனவரியில் குத்தகைக்காரர்கள் விரலளவுக் குஞ்சு தேடி அலைவார்கள், ஒரு ரூபாய்க்கு வாங்கி நாலு ரூபாய்க்கு விற்கலாம் என்ற கணக்கு மட்டும்தான் மண்டையில் இருந்தது.

தொட்டி ஏற்கெனவே இருந்தது. சொட்டு நீருக்காகக் கட்டிய சிமென்ட் தொட்டி, உள்ளளவு 6 மீட்டருக்கு 4 மீட்டர். 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 21,600 லிட்டர். 2023 நவம்பரில் சமவெளியிலுள்ள ஒரு பண்ணையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள ரோகுக் குஞ்சு 1,200 வாங்கினேன். ஒரு குஞ்சு 0.4 கிராம் இருந்தது. ஆக்சிஜன் பையில் ஐந்து மணி நேரப் பயணம்.

முதல் தப்பு இறக்கும்போதே நடந்தது. பையைப் பத்து நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு அவிழ்த்துக் கொட்டினேன். பைக்குள் இருந்த தண்ணீர் கையில் வெதுவெதுப்பாகத் தெரிந்தது. தொட்டித் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. என்ன வித்தியாசம் என்று அளக்கவில்லை, தெர்மாமீட்டரே என்னிடம் இல்லை. கொட்டியதும் பாதிக் குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து, இலை மாதிரி மெல்ல அடிக்கு இறங்கியது. சில எழுந்து நீந்தின, சில எழவே இல்லை. மறுநாள் காலை 90 செத்து மிதந்தன. பயணக் களைப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது தீவனம். மூட்டையோடு ஒரு அட்டவணை கொடுத்திருந்தார்கள். குஞ்சின் உடல் எடையில் தினம் எட்டு சதவீதம் போட வேண்டும், பத்து நாளைக்கு ஒரு தடவை எடை இவ்வளவு ஏறியிருக்கும், அதற்கேற்பத் தீவனத்தையும் ஏற்ற வேண்டும். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். எடை போட்டுப் பார்க்காமலே, முப்பதாம் நாள் குஞ்சு 2.5 கிராம் இருக்கும் என்று அட்டவணையை நம்பி, காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஐந்தரைக்குமாகத் தினம் 240 கிராம் கொட்டினேன். குஞ்சுகள் மேலே வரவில்லை. கூச்சம் போல என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் வலை போட்டுப் பார்த்தபோது குஞ்சு 0.7 கிராம். மிச்சமிருந்த உருப்படியை எண்ணிக் கணக்குப் போட்டால், அவை தின்றிருக்கக்கூடியது நாளுக்கு 25 கிராம் தேறாது. பத்துப் பங்கு போட்டிருக்கிறேன்! மிச்சமெல்லாம் அடியில். காலால் துழாவினால் கரும் சேறு. அழுகிய முட்டை நாற்றம். அமோனியா பார்க்கும் கிட் ஒன்று வாங்கி வந்தேன். சொட்டு விட்டதும் மஞ்சளாக இருக்க வேண்டிய குழாய் கரும்பச்சையானது.

நியாயமாக அப்போதே தீவனத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நான் தீவனத்தின் மேல் பழி போட்டேன். மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு, கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிக்குச் சரி ஊறவைத்து உருண்டை பிடித்துப் போட்டேன். அதையும் தின்னவில்லை. உருண்டை கரைந்து தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். இதற்கிடையே கவலையில் வாரத்துக்கு மூன்று தடவை, அதுவும் விடியற்காலையில், பழைய கொசுவலையால் அள்ளி எடை போட்டுக்கொண்டிருந்தேன். நைலான் உரசிச் செதில் போன இடங்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை வந்தது. குளிர்ந்த தண்ணீரில் காயம் ஆறாது, பூஞ்சைக்கோ அது கொண்டாட்டம். இருபது லிட்டர் பக்கெட்டில் 400 கிராம் கல்லுப்பு கரைத்து, குஞ்சுகளை ஒரு நிமிடம் முக்கி எடுத்தேன். கொஞ்சம் பிழைத்தன. அன்றிலிருந்து பிற்பகலில் மட்டும்தான் வலை. கொசுவலைக்குப் பதிலாக முடிச்சில்லாத மென்வலை வாங்கினேன்.

தண்ணீரின் குளிர்தான் சங்கதி என்று எனக்குப் புரிந்தது டிசம்பர் கடைசியில், தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளியபோது. முழங்கால் விறைத்துவிட்டது. மேலே ஏறி வெயிலில் நின்றுகொண்டே, இதிலேயே ராத்திரி பகலாகக் கிடக்கிற குஞ்சுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

அன்றைக்கே இரண்டு தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒன்று சிவப்புத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாய், 120 ரூபாய். இன்னொன்று ஒயர் நீட்டிய டிஜிட்டல், 250 ரூபாய். இரண்டையும் ஒரே பக்கெட்டில் போட்டால் ஒன்றரை டிகிரி வித்தியாசம் காட்டின. எதை நம்புவது? ஐஸ் கட்டி வாங்கி வந்து துணியில் கட்டி இடித்து, சொம்பு நிறையப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டையும் செருகிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். கண்ணாடி சரியாகப் பூஜ்யத்தில் நின்றது, டிஜிட்டல் 1.5 காட்டியது. டிஜிட்டலின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி ‘1.5 கழிக்க’ என்று எழுதி வைத்தேன். யார் தெர்மாமீட்டர் வாங்கினாலும் இந்தச் சொம்புச் சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள். இந்த வேலையில் ஒன்றரை டிகிரி பெரிய விஷயம்.

தொட்டியில் காலை ஆறு மணிக்கு 18 டிகிரி, மதியம் மூன்று மணிக்கு 21. கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டைகளுக்கும் 25-லிருந்து 32 வரை சுகமான சூடு என்பார்கள். ரோகு 14 டிகிரிக்குக் கீழே தாக்குப்பிடிக்கத் திணறும். என் குஞ்சுகள் சாகிற குளிரிலும் இல்லை, வளர்கிற சூட்டிலும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு சும்மா மிதந்திருக்கின்றன. நான் தீனி போட்ட காலை ஏழு மணிதான் நாளிலேயே தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம்.

சூடு பண்ணிவிடலாம் என்று கிளம்பினேன். வீட்டில் குளிக்க வைத்திருந்த 1,000 வாட் ஹீட்டர் ராடைத் தொட்டியில் தொங்கவிட்டு ராத்திரி எட்டு மணி நேரம் ஓட்டினேன். காலையில் அளந்தால் அதே 18. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 21,600 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 25 யூனிட் கரண்ட் வேண்டும். நான் கொடுத்தது எட்டு யூனிட். மூன்றில் ஒரு டிகிரிகூட ஏறாது, ஏறியதும் பனியில் போய்விடும். கரண்ட் பில் வந்த அன்று, “மீனுக்கு வெந்நீர் போட்ட வீடு ஊரிலேயே நம்ம வீடுதான்” என்றார் அம்மா. பில் கிடக்கட்டும். திறந்த தொட்டியில் அந்த ராடைப் போட்டதே மடத்தனம். கசிவு இருந்து நான் கையை விட்டிருந்தால் இதை எழுத ஆளே இருந்திருக்காது. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

ஜனவரி கடைசியில் எண்ணினேன். மிச்சம் 740 குஞ்சு, ஒவ்வொன்றும் 1.1 கிராம். ஒன்பது கிலோ தீவனம் போட்டு, மொத்த எடையில் முந்நூற்றைம்பது கிராம்கூட ஏறவில்லை. விற்க லாயக்கில்லை. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பண்ணைக்குட்டையில் கொட்டிவிட்டு மறந்துவிட்டேன். அந்தக் குஞ்சுகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கொட்டுவதற்கு முன்னால் செய்த ஒரு சின்னச் சோதனை அடுத்த வருஷம் பூராவும் கைகொடுத்தது. தீவனத் தூளில் அடுப்புக்கரியைப் பொடித்துக் கலந்தேன். இரண்டு வெள்ளை எனாமல் பேசினில் ஐந்தைந்து குஞ்சு. ஒன்றில் தொட்டித் தண்ணீர், நிழலில் வைத்தது, 19 டிகிரி. இன்னொன்றை வெயில் படும் இடத்தில் வைத்து, சூடு ஏறும்போதெல்லாம் நிழலுக்கு நகர்த்தி 27 டிகிரியைப் பிடித்து வைத்தேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் கரித் தீவனம் ஒரு சிட்டிகை. சூட்டுப் பேசினில் குஞ்சுகள் உடனே மொய்த்தன. குஞ்சின் வயிறு அந்த வயதில் பாதி கண்ணாடி மாதிரிதான் இருக்கும், உள்ளே கறுப்புக் கோடு நீளுவதைப் பார்க்கலாம். மூன்று மணி நேரத்துக்குள் பேசின் அடியில் கறுப்பு நூல் மாதிரிக் கழிவு விழ ஆரம்பித்தது. குளிர்ப் பேசினில் அரை மணி கழித்து இரண்டு குஞ்சு மட்டும் கொஞ்சம் கொத்தின. அந்தக் கறுப்புக் கோடு சாயங்காலம் வரை வயிற்றிலேயே கிடந்தது. கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது, நீளமான குடல்தான். உள்ளே போனது செரித்து நகர்ந்தால்தான் அடுத்ததற்கு இடம். குடல் நகராதபோது எத்தனை உயர்ந்த தீவனம் போட்டாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

2024 நவம்பருக்கு முன்னால் அதே அளவில் இன்னொரு தொட்டி கட்டினேன். ஒன்றில் எதையாவது செய்து, இன்னொன்றைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். அந்த எதையாவது என்ன என்பதைச் சொன்னது பக்கத்துத் தோட்டத்து ரோஜாக்காரத் தம்பி. தொட்டிக் கரையில் நின்று என் புலம்பலைக் கேட்டுவிட்டு, “ஏண்ணா, செடிக்கே குளிருதுன்னு நாங்க கூரை போடறோம். மீனுக்கு மட்டும் என்னண்ணா பாவம்?” என்றார். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்தின் ஷீட்டை அவர்கள் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ரோஜாவுக்கு வேண்டிய வெளிச்சம் பழைய ஷீட்டில் வராது. கழற்றியது ஷெட்டுக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தது. 200 மைக்ரான், ஒன்பதுக்கு ஏழு மீட்டர் துண்டு, 1,500 ரூபாய்க்குக் கொடுத்தார். “சும்மாவே எடுத்துக்கோங்கண்ணா” என்றுதான் சொன்னார். சும்மா வாங்கினால் மீன் கேட்பாரே என்று காசு கொடுத்தேன். கடைசியில் மீனும் கேட்டார்.

வளைவுக்கு ஒன்றேகால் இஞ்ச் கறுப்பு ஓஸ் பைப். ஆறரை மீட்டர் துண்டுகளாக ஏழு வெட்டி, தொட்டிச் சுவருக்கு வெளியே அடித்த இரும்புக் கம்பிகளில் இரு முனையையும் செருகினால் அழகாக வளைந்து நிற்கும். மேல் முதுகுக்கு ஒரு மூங்கில். ஷீட்டைப் போர்த்தி, பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக அறுத்து இழுத்துக் கட்டினேன். கயிறு ஷீட்டை அறுக்கும், டியூப் அறுக்காது. ஓரங்களில் மண்மூட்டை. பைப்பும் கம்பியும் சேர்த்து 1,150 ரூபாய். இரண்டு பேர் ஒரு நாள் வேலை.

நவம்பர் 10-ஆம் தேதி குஞ்சு வந்தது. இந்தத் தடவை பைத் தண்ணீர் 27, திறந்த தொட்டி 21. பையை முக்கால் மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு வாயை அவிழ்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொம்பு தொட்டித் தண்ணீர் ஊற்றி, இரண்டும் ஒன்றாகும்வரை காத்திருந்து, குஞ்சுகளைத் தாமாகவே நீந்தி வெளியே போகவிட்டேன். தொட்டிக்கு 1,200. மறுநாள் இரண்டிலும் சேர்த்துச் செத்தது 14.

தீவனத்துக்கு அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் நானே எழுதினேன். தண்ணீர் 18-க்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது. 20 வரை உடல் எடையில் ஒரு சதவீதம், அதுவும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரே வேளை. 22 வரை இரண்டரை. 25 வரை ஐந்து. அதற்கு மேல் எட்டு, நாலு வேளையாகப் பிரித்து. 32-ஐத் தாண்டினால் பாதியாக்கு. இந்த எண்கள் என் தொட்டிக்கு நான் தட்டுத்தடுமாறிப் பிடித்தவை. உங்கள் தொட்டிக்குக் கொஞ்சம் மாறலாம். தீவனத்தைத் தண்ணீரில் இறைக்காமல், ஓரத்தில் ஓரடி ஆழத்தில் கயிற்றில் தொங்கும் இரண்டு தட்டுகளில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பது, மிச்சம் இருந்தால் அடுத்த வேளையில் குறைப்பது. காலை முதல் தீனி எத்தனை மணிக்கு என்பதைத் தெர்மாமீட்டர்தான் சொல்லும். பெரும்பாலான நாள் பதினொன்றுக்கு மேல் ஆகும்.

மூடாக்குப் போட்டதும் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மூன்று நாள் சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டேன். மூன்றாம் நாள் மதியம் மேல்தண்ணீர் 34. உள்ளே கையை விட்டால் இட்லிச் சட்டி மாதிரி ஆவி. தண்ணீர் பச்சையாகத் திரண்டுவிட்டது. அன்று ராத்திரி பார்த்துக் கரண்ட் போக, தண்ணீரில் காற்றைக் குமிழவிடும் ஏரேட்டர் நின்றது. விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் அத்தனை குஞ்சும் மேலே வாயைப் பிளந்து கொண்டிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் தங்குவதும் குறைவு, அதே சூட்டில் மீனுக்குத் தேவையும் அதிகம். பகலில் ஆக்சிஜன் கொடுத்த பச்சைப் பாசி ராத்திரியில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். பக்கெட்டால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், கரண்ட் வரும்வரை ஒன்றரை மணி நேரம். 110 குஞ்சு போயிற்று.

அதற்குப் பிறகு வழக்கம் இதுதான்: காலை பத்தரைக்கு இரண்டு முனையிலும் ஷீட்டை முழங்கை அளவு சுருட்டிவிடுவது, நாலு மணிக்கு இறக்கிவிடுவது. ஏரேட்டருக்குப் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றை இணைத்தேன். டிசம்பரில் பெரும்பாலான நாள் மூடிய தொட்டி காலை ஆறுக்கு 23, மூன்றுக்கு 26.5 என்று நின்றது. திறந்த தொட்டி 18.5-க்கும் 21.5-க்கும் நடுவில் ஆடியது.

இன்னொரு உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. எங்கள் போர் 850 அடி. பனிக்காலக் காலையில் போர்வெல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அளந்து பார்க்கத் தோன்றியதில்லை. 26 டிகிரி! அடியிலிருந்து சைஃபன் போட்டு 2,200 லிட்டர் சேற்றுத் தண்ணீரை வெளியேற்றி, அதே அளவு போர் தண்ணீரை விட்டால் திறந்த தொட்டியில் முக்கால் டிகிரி ஏறுகிறது. ஹீட்டர் கணக்கில் அது 19 யூனிட். இரண்டு தொட்டிக்கும் ஒன்றுவிட்டு ஒருநாள் இதைச் செய்தேன், கழிவும் போயிற்று. இதிலும் ஒரு தடவை இடறினேன். முதல் நாள் ஓஸை நேராகத் தண்ணீருக்குள் விட்டேன். ஆழத்துப் போர் தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் இருக்காது. ஓஸ் வாய்ப் பக்கம் போன குஞ்சுகள் தள்ளாடின. மறுநாள் துளை போட்ட பிவிசி பைப்பை நாலடி உயரத்தில் கட்டி, மழை மாதிரி விழும்படி செய்தேன்.

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும் எங்கள் மாவட்டமே மூழ்கியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் வெயில் முகமே காட்டவில்லை. மூடிய தொட்டி 21-க்கு இறங்கியது, திறந்தது 17.5. ஷீட் வெயிலைப் பிடித்து வைக்குமே தவிர, இல்லாத வெயிலை உண்டாக்காது. முந்தைய வருஷமாக இருந்தால் மணிப்படி தீவனம் கொட்டியிருப்பேன். இந்தத் தடவை திறந்த தொட்டிக்கு நாலு நாள் பட்டினி, மூடியதற்கு ஒரு வேளை. ஒரு குஞ்சும் சாகவில்லை. அமோனியா கிட் மஞ்சளிலேயே நின்றது.

அறுபதாம் நாள் எடை முதலிலேயே சொன்னதுதான். மூடிய தொட்டியில் 1,020 குஞ்சு, சராசரி 4.6 கிராம், ஏழரை சென்டிமீட்டர் நீளம், 6.3 கிலோ தீவனம். திறந்ததில் 1,130 குஞ்சு, 1.5 கிராம், 2.4 கிலோ தீவனம். ஆம், திறந்த தொட்டியில்தான் பிழைத்தது அதிகம். அந்த 110-ஐ நான்தான் மூச்சடைக்க வைத்தேன்.

மூடிய தொட்டியிலிருந்து 900 குஞ்சை ஏரிக் குத்தகைக்காரர் ஒருவர் நாலு ரூபாய் வீதம் எடுத்துக்கொண்டார். 3,600 ரூபாய். செலவு: குஞ்சு 1,200, வண்டி வாடகையில் பாதி 400, தீவனம் 570, ஷீட்டும் பைப்பும் 2,650. கூட்டினால் 4,820, அதாவது 1,220 ரூபாய் நஷ்டம். ஷீட்டும் பைப்பும் மூன்று பனிக்காலம் உழைக்கும் என்று பிரித்துப் போட்டால் ஐந்நூறு சொச்சம் லாபம் வரும். அதில் என் கூலியும் கரண்டும் இல்லை. பெருமைப்பட ஒன்றும் இல்லை.

திறந்த தொட்டிக் குஞ்சுகளை விற்கவில்லை. அப்படியே விட்டு வைத்தேன், காரணம் போன வருஷக் குட்டை. வெறுத்துக் கொட்டிய அந்த 740-ஐ 2024 ஜூனில் வேறு எதற்கோ வீச்சு வலை போட்டபோதுதான் மறுபடி பார்த்தேன். 80 கிராம், 90 கிராம் என்று பளபளவென்று வந்தன. பனிக்காலம் முழுக்கப் பட்டினி கிடந்தவை, தண்ணீர் சூடானதும் விட்டதைப் பிடித்துவிட்டன. ஆந்திரப் பக்கம் குஞ்சுகளை வேண்டுமென்றே நெருக்கி, அரைவயிறு போட்டுக் குறுக்கி வைத்து, பிறகு பெரிய குளத்தில் விட்டு மளமளவென்று வளர்ப்பார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் காசு கொடுத்துச் சொதப்பியது அவர்களுக்குத் தொழில்முறை. இந்தத் தடவையும் அப்படியே நடந்தது. பிப்ரவரி பாதியில் தண்ணீர் 26-ஐத் தொட்டதும் தட்டுகள் காலியாக ஆரம்பித்தன. மார்ச் 15-இல் திறந்த தொட்டிக் குஞ்சு 6.5 கிராம். வாங்கத்தான் ஆள் இல்லை, ஏரிகள் வற்றத் தொடங்கிவிட்டன. எல்லாம் எங்கள் பண்ணைக்குட்டைக்கே போயின.

ஆகவே அடுத்த நவம்பரில், ஜனவரிக்கு முன்பணம் கொடுக்கிற ஆள் இருந்தால் மட்டும் ஷீட் ஏறும். சொந்தக் குட்டைக்கு என்றால் குஞ்சு வாங்குவதையே பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுவேன். மூடாக்கில் இரண்டு மாற்றம் உண்டு: வளைவை ஓரடி உயர்த்த வேண்டும், இப்போது தட்டைத் தூக்க முதுகை ஒடிக்க வேண்டியிருக்கிறது. தொட்டியின் வடக்குச் சுவருக்கு வெளியே மண் அணைக்க வேண்டும், விடியற்காலையில் அந்தச் சுவரைத் தொட்டால் கை விறைக்கிறது. தண்ணீரை 90-லிருந்து 110 சென்டிமீட்டருக்கு ஏற்றினால் ராத்திரி இறக்கம் எவ்வளவு குறைகிறது என்றும் பார்க்க வேண்டும். ரோஜாக்காரத் தம்பி இன்னொரு ஷீட் கழற்றி வைத்திருக்கிறாராம். இந்தத் தடவை காசு வேண்டாம், ஜூனில் இரண்டு கிலோ ரோகு போதும் என்கிறார்.